நான்காவது நிலத்துக்கு ஒரு சாட்சி

டார்க்வில் மெக்ஃபீ வண்டி அச்சில் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவன் மனைவி மார்சலி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்குக் கப்பலேறி வந்த பத்து வருஷத்தில் அவன் மூன்று முறை இப்படித் தடவியிருக்கிறான். மூன்று முறையும் அந்த வாரமே பிள்ளைகளையும் கோழிகளையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

"இங்க என்ன கொறையாம்?"

"காத்து சரியில்ல, பொம்பள. தலைவரோட ரத்தம் ஓடுற ஒடம்புக்கு இந்தக் காத்து ஒத்துக்கல."

"போன எடத்துல தண்ணி. அதுக்கு முந்தி கொசு. ஒன் ரத்தத்துக்கு எதுதான் ஒத்துக்கும், மனுஷா?"

கிளென்டோரன் குலத்தலைவருக்குத் தன் கொள்ளுத்தாத்தா சித்தப்பா முறை என்பது டார்க்வில் ஓயாமல் பாடும் பாட்டு. வேறு தீவுக்காரியான மார்சலி கப்பலில் அதைக் கேட்டுத்தான் மயங்கினாள். கப்பலில் வேறு பொழுதுபோக்கும் இல்லை.

இந்த முறை அவள் நகர்வதாக இல்லை. ஐந்து ஏக்கர் காடு திருத்தியாகிவிட்டது. மர வீடு நிற்கிறது. அரசாங்கம் கெடு வைத்த மூன்று வருஷமும் முடிந்தது. அக்கம்பக்கத்தான் ஒருவன் மாஜிஸ்டிரேட் முன்னால் பைபிளைத் தொட்டு, நிலம் திருத்தியதையும் வீடு நிற்பதையும் சொல்லி, அவர் சான்று கொடுத்துவிட்டால் நிலம் சொந்தம். கிளம்பிவிட்டால் எல்லாம் அரசாங்கத்துக்கே திரும்பிப் போகும். இத்தனை நாள் அக்கம்பக்கம் என்றே ஒன்று இல்லை. போன திங்கட்கிழமைதான் ஓடைக்கு அப்பால் கோடாரிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்த டார்க்வில் கொழுப்புச் சட்டியைத் தேடினான்.

மார்சலிக்குப் பொறி தட்டியது. கொசு பெருகிய வாரம்தான் அவன் ஊர்க் கொல்லன் வந்து இறங்கினான். தண்ணீர் கெட்ட வாரம், அவன் ஊர் மாவரைக்கிறவன் குடும்பம்.

"வந்திருக்கிறவன் ஒங்க ஊரா?"

"லாக்லன்னு ஒருத்தன். பழக வேணாம்."

"அவனுக்கு அப்பிடி என்ன தெரியும்?"

கொழுப்புச் சட்டியைப் பார்த்தபடியே டார்க்வில் மென்று விழுங்கிச் சொன்னான். கொள்ளுத்தாத்தா முதல் அப்பா வரை எல்லோரும் தலைவர் மாளிகையில் இருந்தது உண்மைதான். வேட்டை நாய்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு இருந்தார்கள்.

மார்சலி சிரிக்கக்கூட நிற்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய் லாக்லனைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டாள்.

முதல் முறை வீட்டுக்கு வருகிறவன் தன் வம்சத்தைச் சொல்லாமல் கரண்டியைத் தொடுவது அவர்களிடம் வழக்கமில்லை. வீட்டுக்காரனும் பதிலுக்குச் சொல்லியாக வேண்டும். லாக்லன் தாடியைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். டார்க்வில் உருளைக்கிழங்கை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்றாள் மார்சலி.

லாக்லன் டார்க்வில்லை ஓரக்கண்ணால் பார்த்துத் தொண்டையைச் செருமினான். "ஏழு தலைமுறையா தலைவருக்கு பேக்பைப் வாசிச்ச குடும்பம்மா."

டார்க்வில் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அவனுக்குத் தெரிந்து லாக்லனின் அப்பா எழுப்பிய ஒரே ஓசை, தலைவர் கட்டிலுக்கு அடியிலிருந்த மூத்திரச் சட்டியைக் காலையில் கொண்டுபோய்க் கொட்டும் ஓசைதான். இருவரும் ஒருவரை ஒருவர் அளந்தார்கள்.

"ஒங்கப்பா வாசிச்சா மலையே அழும்," என்றான் டார்க்வில் மெதுவாக.

"ஒங்க தாத்தாவோட வெள்ளி வாள் மட்டும் லேசுப்பட்டதா?"

வெள்ளி வாள் டார்க்வில் பாடும் பாட்டிலேகூடக் கிடையாது. அன்று முதல் உண்டு.

சாட்சி சொல்ல லாக்லன் ஒப்புக்கொண்டான். மாஜிஸ்டிரேட் வீடு பதினோரு மைல். மறுநாள் காலை வாசலிலேயே தகராறு.

"ஊர்வலத்துல பேக்பைப்காரன்தான்யா முன்னாடி போவான்."

"ரத்த சொந்தத்துக்கும் முன்னாடியா?"

"மாளிகையிலயே வளந்தவனுக்கு இது தெரியாதா?"

"மத்தியானம் ஆனா மாஜிஸ்டிரேட் மீன் பிடிக்கப் போயிருவாரு, பிரபுக்களே," என்று மார்சலி இருவரையும் இடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இரண்டு புளுகும் சேர்ந்து எத்தனை மைல் தாங்கும் என்பதுதான் அவள் கவலை. ஒன்பதாவது மைலில் பின்னால் "கஞ்சி" என்று ஒரு குரலும் "சட்டி" என்று ஒரு குரலும் ஏறின. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டமெடுத்தாள். அவர்களும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

லாக்லன் சிவந்த முகத்தோடு பைபிளைத் தொட்டான். நிலம் திருத்தியிருக்கிறது, வீடு நிற்கிறது, குடியிருக்கிறார்கள் என்றான். மாஜிஸ்டிரேட் எழுதி அரக்கு வைத்தார். சூடு ஆறுமுன் மார்சலி காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"இனிமே வெளிய போய் ரெண்டு பேரும் நல்லா அடிச்சுக்கங்க," என்றாள்.