சிவப்பு மைப் பாட்டுகள்

கடைசிப் பாட்டின் கடைசி அடி விழுந்து மூன்றே நிமிஷத்தில் டீக்கடை தேவா கதவைத் தட்டிவிடுவார். ஒரு கையில் டீ நிறைந்த தூக்கு, இன்னொரு கையில் கிளாஸ் கூடை. ஒவ்வொரு கூட்டத்திலும் இப்படித்தான். ஆடி முடித்து வேர்த்து ஒழுகும் ஆட்களுக்கு அந்த நேரத்தில் டீ வந்து நிற்பது அதிசயமாகத்தான் இருந்தது. சத்தியப்பிரியா அன்றைக்குத்தான் அதைக் கேட்டாள்.

“எப்படிண்ணே சொல்லிவச்சாப்புல வாரீக? யாராச்சும் போன் பண்றாகளா?”

“போன் எதுக்குத் தாயி? ரயிலு பாலத்துல போறாப்புல ஒரு சத்தம் விடுவீகள்ல, அது பின்சுவரத் தாண்டிக் கடைக்குக் கேக்கும். கேட்டதும் பால ஏத்திருவேன். அப்புறம் எல்லாம் அமுங்கும். தேயிலையப் போட்டுருவேன். ‘டம்’முனு விழுகும் பாருங்க, அப்ப எறக்கி ஆத்துனா, இங்குட்டு வந்து சேர சரியா இருக்கும்.”

கூடம் முழுக்கச் சிரித்தது. முருகப்பன் கைதட்டி, “தேவாண்ணே, அடுத்த தடவ நீகளே டிஜே” என்றான். சத்தியப்பிரியா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வரவில்லை.

காரைக்குடியில் இப்படி ஒரு கூட்டம் நடக்கிறது என்று காரைக்குடிக்கே தெரியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை, முருகப்பன் வீட்டின் இரண்டாம் கட்டுக் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவார்கள். நோட்டீஸ் கிடையாது. தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்வதுதான். சினிமாப் பாட்டு கிடையாது, வரிகளே கிடையாது. கம்ப்யூட்டரில் செய்த சத்தமும் அடியும் மட்டும்; டெக்னோ என்பார்கள். முருகப்பன் அப்பச்சி என்று கூப்பிடும் அவன் அப்பா சென்னையில் இருந்தார். வீட்டைக் கொடுக்கும்போது மூன்று நிபந்தனை போட்டார்: செருப்பு வாசலோடு, குடி சிகரெட் கூடாது, விளக்கு வைக்கிறதுக்குள் முடித்துவிட வேண்டும். அதனால் பெரிய ஊர்களில் ராத்திரி பதினொரு மணிக்குத் தொடங்குகிற விஷயம் இங்கே பட்டப்பகலில், வெறுங்காலோடு நடந்தது. அதனாலேயே பெண்பிள்ளைகள் பாதிக்குப் பாதி வந்தார்கள். வீட்டில் “இங்கிலீஷ் கிளாஸ்” என்று சொல்லிவிட்டு வருவார்கள். கூட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘வளவு’, செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றத்தைச் சொல்கிற சொல். “ஞாயித்துக்கெழம வளவுக்கு வாரியா?” என்று போனில் கேட்டால், பக்கத்தில் இருக்கும் அம்மாக்கள் ஏதோ விசேஷ வீடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

தொடங்கியவர்கள் மூன்று பேர். செக்காலை ரோட்டில் ஒரு மாடியில் நடந்த மாலை நேர ஆங்கில வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சத்தியப்பிரியாவும் முருகப்பனும் இசை போடுவார்கள். மூன்றாவது அழகி. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். அவள்தான் ஆடுகிறவள். முதல் கூட்டத்தில் வந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் சுவரோரம் வெட்கப்பட்டு நின்றபோது நடுவில் போய் நின்று ஆட ஆரம்பித்தவள் அவள். அழகிக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் லீவு. அது எந்த ஞாயிறு என்று கேட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்கே நாள் குறிப்பார்கள்.

அந்த அழகி இரண்டு கூட்டமாக வரவில்லை.

அடுத்த கூட்டம் நடக்கும் வாரம், செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சத்தியப்பிரியா ஜவுளிக்கடை மாடிக்குப் போனாள். அழகி அவளைப் பார்த்ததும் ஒரு சேலையை உதறி மேஜையில் விரித்தாள்.

“ஏன்டி வரமாட்டேங்கிற?”

“மெதுவாப் பேசு, சூப்பர்வைசர் பாக்குறாரு. இது காட்டன் மேடம், சாயம் போகாது.”

“ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஒடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. பார்டரப் பாருங்க மேடம்.” அழகி இன்னொரு சேலையை எடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள். “தெனம் ஒம்பதரைல இருந்து இதே எடத்துல நிக்கிறேன். யாரு வருவா, என்ன கேப்பா, எதைச் சொல்லி விட்டுட்டுப் போவான்னு படியேறும்போதே தெரியும். அங்க வந்தாலும் அதேதான்டி இப்ப. ரயிலு வருது, அமுங்குது, விழுகுது. விழுறதுக்கு முன்னாடியே எல்லாரும் கையத் தூக்கியாச்சு. என் காலுக்கு எல்லாம் மனப்பாடம். அப்புறம் நான் எதுக்கு?”

“நல்லா இல்லேங்கிறியா?”

“நல்லாத்தான் இருக்கு. தப்பே வரமாட்டேங்குது. அதான்.”

சத்தியப்பிரியாவுக்கு முகம் சுட்டது. அறுபது பேர் வருகிற கூட்டத்தைப் பற்றி இப்படி ஒருத்தி சொல்வதா? ஆனால் சொன்னவள் அழகி.

“இந்த ஞாயிறு ஒரே ஒரு தடவ வா. கடைசி ஒரு மணி நேரம் நான் போடுறேன். தெரிஞ்சது ஒண்ணு வந்தாலும் எந்திரிச்சுப் போயிரு. அதுக்கப்புறம் கூப்பிட மாட்டேன்.”

“பாக்கலாம்” என்றாள் அழகி. பிறகு, மேஜையில் கிடந்த ஏழெட்டுச் சேலைகளைப் பார்த்து, “எடுக்கப் போறதில்ல. மடிச்சாவது குடுத்துட்டுப் போடி” என்றாள்.

அன்று மாலை வேலை முடிந்ததும் சத்தியப்பிரியா நோட்டை எடுத்தாள். முதல் கூட்டத்திலிருந்து எழுதி வருகிற நோட்டு. எந்தப் பாட்டு, எத்தனை மணிக்கு, ஆடுகிறவர்கள் என்ன செய்தார்கள். ஆடும் தளம் நிறைந்த பாட்டுக்கு நீல மை. தளம் காலியான பாட்டுக்குச் சிவப்பு மை. சிவப்பு விழுந்த பாட்டு மறுபடி வராது. பரிசோதனைக் கூடத்தில் கெட்டுப்போன மருந்துக் குப்பியை மறுபடி தொடமாட்டார்கள், அதே பழக்கம்தான். முருகப்பனும் இந்த நோட்டைப் பார்த்துத்தான் பாட்டு எடுப்பான்.

முதல் பக்கத்தில் பத்தொன்பது பாட்டில் எட்டு சிவப்பு. அடுத்ததில் ஏழு. பிறகு ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, ஒன்று. ஒன்பதாவது கூட்டத்தின் பக்கத்தில் சிவப்பே இல்லை. அந்தப் பக்கத்தின் மூலையில் அவளே ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தாள். அதற்குப் பிறகு வந்த பக்கங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே வரிசை. நேரத்தில் மட்டும் இரண்டு நிமிஷம் முன்னே பின்னே. தேவாவுக்குப் பால் வைக்கத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

தான் நன்றாக இசை போடுவதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். தோற்றதையெல்லாம் வெட்டி வெட்டி, தோற்க முடியாத மூன்று மணி நேரத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறாள். இதைக் கெடுத்தது வேறு யாருமில்லை. இந்த நோட்டு.

சிவப்பை எண்ணினாள். நாற்பத்தொன்று. அதில் இருபதாவது அவளே செய்தது. காளையார்கோவில் பக்கம் மாமா தோட்டத்தில் ஓடும் தண்ணீர் மோட்டாரைப் போனில் பதிவுசெய்து, அந்த இரைச்சலை வெட்டி, ஏழு அடியாகக் கோர்த்திருந்தாள். மற்ற பாட்டெல்லாம் நாலு நாலாகப் போகும். இது மூன்றும் நாலுமாகப் போகும். பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: ‘மூன்றாவது கூட்டம். 3.40. தடுமாறினார்கள். ஒருவர் சிரித்தார். நிறுத்திவிட்டேன். இனி வேண்டாம்.’ அதற்குப் பிறகு அவள் சொந்தமாக எதுவும் செய்யவில்லை.

“சிவப்ப மட்டுமா?” முருகப்பன் போனிலேயே கத்தினான். “மதுரைல இருந்து ஒரு வேன் ஆளு வாராக. அன்னைக்குத்தான் நீ டெஸ்ட் பண்ணணுமா? இது என்ன உங்க லேபா?”

“ஒரே ஒரு தடவதானே போட்டுப் பாத்தோம் ஒவ்வொண்ணையும்?”

“ஒரு தடவையே போதுமுன்னு ஓடுனாகள்ல! கூட்டம் கலைஞ்சா மறுபடி சேக்க முடியாது சத்யா. நம்ம ஊர்ல இது ஒண்ணுதான் இருக்கு.”

“அழகி போயிட்டா. அது கலையிறது இல்லையா?”

முருகப்பனின் குரல் இறங்கியது. “சரி. ஆனா ஆடுறது பத்துப் பேருக்குக் கீழ போச்சுன்னா நான் வந்து பழசப் போட்டுருவேன். சம்மதமா?”

“சம்மதம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. நாலரை வரை முருகப்பன் போட்டான். எல்லாம் நீல மை. கூடம் குதித்தது. அழகி நாலு மணிக்கு வந்து தூணில் சாய்ந்து கைகட்டி நின்றாள். யார் இழுத்தும் அசையவில்லை.

சத்தியப்பிரியா மேஜைக்குப் பின்னால் வந்து முதல் சிவப்புப் பாட்டைப் போட்டாள். மெதுவாக ஏறுகிற சத்தம். ஐம்பது கைகள் மேலே போயின, அடி விழப்போகிறது என்று. விழவில்லை. சத்தம் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. தூக்கிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றன. பிறகு, பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் போல ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். மதுரை ஆட்களில் நாலு பேர் சுவரோரம் போய் உட்கார்ந்து போனை எடுத்தார்கள்.

மேஜையில் அவள் போன் துடித்தது. தேவா.

“தாயி, ரயிலு இன்னைக்கு லேட்டா? பால ஏத்தவா, வேணாமா?”

“தெரியலண்ணே.”

“ஒங்களுக்கே தெரியலையா!” என்று அவர் வைத்துவிட்டார்.

இரண்டாவது பாட்டு. முப்பது பேர் ஆடினார்கள். மூன்றாவதில் இருபது. நான்காவதில் அவள் எண்ணினாள், பதிமூன்று. உள்ளங்கை ஈரமாகி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரின் குமிழ் வழுக்கியது. முருகப்பன் பக்கத்தில் வந்து நின்றான். ஹெட்போனுக்காகக் கையை நீட்டினான். அழகி தூணிலேயே நின்றாள். ஆனால் போகவில்லை. தெரிந்தது ஒன்றும் இதுவரை வரவில்லை அல்லவா?

“இன்னும் ஒண்ணு” என்றாள் சத்தியப்பிரியா. “என்னோடது.”

மோட்டார் முதலில் இருமியது. பிறகு ஓட ஆரம்பித்தது. அடி உள்ளே வந்தது. மூன்றும் நாலும், மூன்றும் நாலும்.

பதிமூன்று பேரும் வழக்கம்போலக் காலை வைத்தார்கள். எட்டாவது அடிக்காகக் கால் காற்றில் நிற்கும்போதே அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. இரண்டு பேர் இடித்துக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் கேட்ட அதே மாதிரிச் சிரிப்பு. சத்தியப்பிரியாவின் விரல் தானாகக் குமிழுக்குப் போனது. எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தூணடியில் அழகியின் கால் தட்டிக்கொண்டிருந்தது. தட்டியது, தவறியது. “ச்சே!” என்றாள். கட்டிய கையைப் பிரித்தாள். நடுத்தளத்துக்கு வந்து மறுபடி போட்டாள். மறுபடி தவறியது. குனிந்து தன் காலையே பார்த்தாள், யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல. நாலாவது தடவையில் சட்டென்று நிமிர்ந்தாள்.

“காலு மாறுதுடி!” என்று கத்தினாள். “வலதுல ஆரம்பிச்சா அடுத்த சுத்து இடது! ஒவ்வொரு சுத்துக்கும் காலு மாறுது!”

சொல்லிக்கொண்டே ஆடினாள். வலதில் ஓங்கி ஒன்று, ஏழு முடிந்ததும் இடதில் ஓங்கி ஒன்று. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, உடனே மறுபக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் காலைப் பார்த்துப் போட்டார்கள். தவறியவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு மறுபடி போட்டார்கள். சுவரோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். “நீ தப்பு!” “நீதான்டா தப்பு, நான் சரி!” என்று எல்லாப் பக்கமும் சண்டை. பதிமூன்று இருபதானது, முப்பத்தைந்தானது. முருகப்பன் நீட்டிய கையை எப்போது மடக்கினான் என்று தெரியவில்லை. அவனும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாருக்கும் பிடிக்கவில்லை. மதுரை வேனில் பாதிப் பேர் “இது டெக்னோவே இல்ல ப்ரோ” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். சத்தியப்பிரியா அவர்கள் போவதைப் பார்த்தாள். போகட்டும் என்று முதல் தடவையாக மனசாரத் தோன்றியது.

பாட்டு ஆறு நிமிஷம்தான். அதை முன்னே பின்னே இழுத்து, மோட்டார் இரைச்சலை மட்டும் விட்டு, அடியை எடுத்து, மறுபடி கொடுத்து, ஐந்தரை வரை ஓட்டினாள். முருகப்பன் கடிகாரத்தைக் காட்டினான். அவள் சத்தத்தைச் சிறிது சிறிதாக இறக்கி நிறுத்தினாள்.

அடி நிற்கவில்லை.

ஸ்பீக்கர் ஓய்ந்த கூடத்தில் நாற்பது பேரின் வெறுங்கால் தரையில் ஏழு போட்டுக்கொண்டிருந்தது. அவள் லேப்டாப்பில் கோர்த்தபோது அது இவ்வளவு கனமாக இருக்கவில்லை. மின்சாரம் இல்லாமல், மெஷின் இல்லாமல், சேலை விற்கிறவளும் காலேஜ் பிள்ளைகளும் செல்போன் கடைக்காரனும் சேர்ந்து அதைத் தரையிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெரிய ஊரிலிருந்தும் இறக்கிக்கொண்டு வந்ததல்ல. அவள் செய்தது. இங்கே ஆடுவது.

சத்தியப்பிரியா மேஜையைச் சுற்றிக்கொண்டு தளத்துக்கு இறங்கினாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. வலதில் தொடங்கினாள். முதல் சுற்று சரி, இரண்டாவது சரி. மூன்றாவதில் காலும் காலும் பின்னிக்கொண்டு அழகியின் மேலேயே போய் விழுந்தாள்.

“ஏன்டி!” அழகி அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். “இதச் செஞ்சவளுக்கே வரல பாருங்கடி!”

“இரு, இரு” என்றாள் சத்தியப்பிரியா, மூச்சு வாங்க. சிரிப்பில் கண்ணில் நீர் முட்டியது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்தத் தடவை இடது காலில் தொடங்கினாள்.