வங்கி வீட்டுத் தக்காளி

மார்லிஸுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க சீடர் ராபிட்ஸ் ஊரில் ஆள் இல்லை. அவள் மேல் யாருக்கும் குறையில்லை. பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்காரும், சத்தம் போடாத, நாற்பத்திரண்டு வயதுப் பெண். கூட இருப்பதுதான் சிக்கல்: கன்றுக்குட்டி உயரத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் தின்கிற ஒரு நாய், பெயர் மஃபின். இப்போது இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ஆகஸ்டு முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். நாயை யாருக்காவது கொடுத்துவிடேன் என்று அக்காவே சொன்னாள். அன்றிலிருந்து அக்காவோடு பேச்சில்லை.

சொந்தமாக வாங்கலாம் என்றால் அவள் சம்பளத்துக்கு எட்டியது ஒன்றே ஒன்று: கடன் கட்ட முடியாமல் யாரோ விட்டுப்போய், வங்கி எடுத்துக்கொண்ட பழைய மரவீடு. வங்கிக்கு விலை சொல்லக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அவள் வீட்டைப் பார்க்கப் போனதே அந்த வெள்ளிக்கிழமை மூன்றரைக்குத்தான்.

அவளோடு பள்ளியில் படித்த ஜோலீன்தான் தரகர். ஜோலீன் வாசல் கதவில் எண் பூட்டோடு தொங்கிய சாவிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பக்கத்து வேலியிலிருந்து ஒரு தொப்பி எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர், ஓட்ஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எல்டன் ஹ்ரூஷ்கா.

"வீடு பாக்க வந்தீங்களா? பாவம்."

"ஏன் பாவம்?" என்றாள் மார்லிஸ்.

"நிலவறைல தண்ணி நிக்கும்மா. மழை பெஞ்சா முழங்கால் வரைக்கும். பரண்ல ரக்கூன் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துது. ஹீட்டரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. செத்தவங்களைத் தப்பாப் பேசக் கூடாது."

உள்ளே, குளிர்காலத்தில் உறைந்து வெடிக்காதபடி குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டு, கழிப்பறை மூடியை டேப் போட்டு ஒட்டியிருந்தது வங்கி. சமையலறைத் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஜன்னலோரம் வெயில் விழுந்த இடத்தைப் பார்த்ததும், மஃபினை அங்கே படுக்க வைத்துவிட்டாள் மனதுக்குள்.

நிலவறைக்கு இறங்கினாள். சுவரைத் தடவினால் விரலில் தூசுதான் ஒட்டியது. மூலை அலமாரியில் பாட்டில் பாட்டிலாகத் தக்காளி, ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய். எல்லாவற்றிலும் இந்த வருஷத்து ஜூலை என்று எழுதியிருந்தது. வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஏறினால், தோள் உயரத் தக்காளிச் செடிகள் வரிசையாக நின்றன. வேலிக்கு அந்தப் பக்கம், எல்டனின் கொல்லையில், இரண்டு பெரிய கறுப்பு வால்நட் மரங்கள். அந்த வேர் ஓடுகிற மண்ணில் தக்காளி கருகிப்போகும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கையில் ஒரு பாட்டிலோடு வேலிக்குப் போனாள். "முழங்கால் தண்ணில உங்க வெள்ளரிக்காய் நல்லா நீந்துது பெரியவரே."

எல்டன் பிடரியைச் சொறிந்தார். "வீடு சும்மாத்தானே கெடந்துச்சு. புல்லை வங்கியா வந்து வெட்டுது? ரெண்டு வருஷமா நான்தான்."

"எத்தனை பேரைத் துரத்துனீங்க?"

"துரத்தலம்மா, எச்சரிச்சேன். அதனாலதான் விலை எறங்குச்சு. நியாயமா நீ எனக்கு நன்றி சொல்லணும்."

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செடி அங்கயே இருக்கட்டும். அடுத்த வருஷமும் போட்டுக்குங்க. ஆனா எங்கிட்ட ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன்." கைபேசியில் மஃபினைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது நாயா, மாடா?"

"குழி தோண்டும்."

"ம்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜோலீன் வாசற்படியில் உட்கார்ந்து வங்கிக்கு விலையை அனுப்பக் கைபேசியை எடுத்தாள். "அவங்க கேட்டதுக்கு மேல கொஞ்சம் போடலாமாடீ?"

"அதுக்கு மேல எங்கிட்ட ஏதுடீ?" ஜோலீன் வங்கி கேட்ட விலையையே அனுப்பினாள்.

அப்போது தெருவோரம் ஒரு நீலக் கார் வந்து நின்றது. உள்ளே ஒரு இளம் ஜோடி. ஜோலீனின் முகம் மாறியது. "அந்தப் பொண்ணும் தரகர்தான். தனக்கே வீடு தேடறா. உள்ள போயி பாத்துட்டு அங்கிருந்தே விலை அனுப்பிடுவா. நூறு டாலர் கூடச் சொன்னாலும் நாம அவ்ளோதான்."

மார்லிஸ் மணி பார்த்தாள்: நாலரை. திரும்பினால் எல்டன் பாதிப் புல்வெளியைக் கடந்திருந்தார்.

"பொய் சொல்லாதீங்க!" என்றாள் தணிந்த குரலில்.

"சே சே, நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

சொல்லவும் இல்லை. கார்க் கூரையில் முழங்கையை ஊன்றி, எந்த ஊர் என்று கேட்டார். வாட்டர்லூ என்றார்கள். வாட்டர்லூவில் அவருக்கு ஒரு சித்தப்பா மகன் உண்டு. அவனுடைய முழங்கால் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு அவன் வாங்கிய படகு, இந்த வருஷத்துச் சோளம் என்று பேச்சு போனது. வீடே பற்றி எரிந்தாலும், வயதானவர் பேசிக்கொண்டிருக்கும்போது முறித்துக்கொண்டு போகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அந்த இளைஞன் இரண்டு தடவை கதவின் கைப்பிடியைத் தொட்டான். "சரி, உங்களை நிறுத்தி வெக்கக் கூடாது" என்று இரண்டு தடவையும் எல்டனே சொல்லிவிட்டு, அடுத்த கதையைத் தொடங்கினார். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்துத் தலையாட்டினாள். கடைசியில், "இருங்க, ரெண்டு தக்காளி பறிச்சுத் தரேன்" என்று போனார். தக்காளி தருகிறேன் என்று போனவருக்காக எப்படிக் காத்திருக்காமல் இருப்பது? அவர் பழுத்ததாகப் பார்த்து நிதானமாகப் பறித்தார்.

ஜோலீன் கைபேசியை நீட்டினாள். "மணி அஞ்சாயிடுச்சு. நம்மளுது ஒண்ணுதான் போயிருக்கு. திங்கக்கெழமை கையெழுத்துக்குக் கூப்பிடுவாங்க பாரு."

நீலக் கார் கிளம்பியது. மடியில் தக்காளிப் பையோடு அந்தப் பெண் கையசைத்தாள். மார்லிஸும் அசைத்தாள், கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

"நல்ல ஜோடி" என்றபடி வந்தார் எல்டன். "பக்கத்து வீட்டுக்கு ஏத்தவங்க. நாய் கூட இல்ல."

"அப்புறம் ஏன்?"

"கொல்லைல நீச்சல் குளம் தோண்டப் போறாங்களாம். உன் நாய் தோண்டுனா மண்ணைப் போட்டு மூடிக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "ஏம்மா, அது தக்காளி திங்குமா?"

ஜோலீன் சிரிப்பை மறைக்கச் சட்டென்று சாவிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தொடவே தொடாது" என்றாள் மார்லிஸ்.