ரோச் உடைக்காத சிப்பிகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. அதனால்தான் முதல் வாக்கியம் வரவே மாட்டேன் என்கிறது. ‘1946 மார்ச்சில் தூத்துக்குடிக் கடல் அமைதியாக’ என்று தொடங்கினேன். கடல் என்ன செய்தது பாவம்? அடித்துவிட்டேன். அடுத்து, ‘ரோச் என்று ஒரு முத்துக்குளிகாரன் இருந்தான்.’ ‘இருந்தார்’ என்று எழுத எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது.

2

நான் ஆவுடையப்பன், ஸ்ரீவைகுண்டத்துக்காரன். கடலடியில் முத்துச்சிப்பி விளைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ரோச் மூழ்கி எடுத்துவரும் மாதிரிச் சிப்பிகள், ஆபீஸ் தலைவரான வெள்ளைக்காரத் துரை பார்க்கும்வரை சிமெண்டுத் தொட்டியில் கிடக்கும். ஒரு சனிக்கிழமை அவற்றோடு ஒரு பவளக்கல்லும் வந்தது. அதன் பொந்துக்குள் விரல் நீளத்தில் இறால்போல ஒன்று, கும்பிடுபூச்சி மாதிரி முன்கால்களை மடித்துக்கொண்டு, பச்சையும் சிவப்புமாக இருந்தது. ஆசைப்பட்டு, கல்லோடு தொட்டியிலேயே போட்டேன்.

“ஐயா, அதைச் சிப்பிகூடப் போடாதிய. ஒரே அடியில நொறுக்கிரும்,” என்றார் ரோச்.

“இத்துணூண்டு காலா?” என்று சிரித்தேன்.

மறுநாள் ஞாயிறு. குளிகாரர்கள் கிறிஸ்தவர்கள்; ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குவதில்லை. “பூச முடிஞ்சதும் வந்து தொட்டித் தண்ணிய மாத்திரு, என்னா?” என்று ஆபீஸ் சாவியை அவரிடம் கொடுத்தேன்.

3

(இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். பொறுத்துக்கொள்ளுங்கள்; ஒளிந்துகொள்ள எனக்கு வேறு இடமில்லை.)

அந்த முன்கால் வெறும் தசை பலத்தால் பாய்வதில்லை. தசை மெல்ல மெல்ல இறுகி, ஓட்டின் ஒரு பகுதியை வில்லாக வளைக்கிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கொக்கி விலகினால் எலிப்பொறிதான். பாய்கிற வேகத்தில் நீரில் குமிழி உண்டாகும். அது வெடிப்பது இரண்டாவது அடி. இதெல்லாம் பிற்பாடு புத்தகத்தில் படித்தது.

‘என் மௌனமும் அப்படித்தான் ஒரு கொக்கியில்...’ வேண்டாம். அந்தப் பிராணி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

4

திங்கள் காலை நான்தான் முதலில் போனேன். ஐந்து சிப்பிகள் நொறுங்கிக் கிடந்தன. பிராணியைக் கல்லோடு தூக்கிக் கடலில் எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை.

துரை வந்தார். முத்துக்காக யாரோ உடைத்திருக்கிறார்கள் என்றார். சாவி யாரிடம் இருந்தது? ரோச்சிடம். தொட்டியில் வேறு ஏதாவது இருந்ததா? இல்லை என்றேன்.

“ஐயா, அந்தப் பூச்சி கெடந்துச்சுல்லா? நீங்களே சொல்லுங்க,” என்று ரோச் என் முகத்தைப் பார்த்தார். நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரைக் குளிகாரர் பட்டியலிலிருந்து அடித்தார்கள். திருடன் என்று மற்றத் தோணிக்காரர்களும் அவரைச் சேர்க்கவில்லை.

5

முடிவு ஒன்று: அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அருமையாக எழுத வந்தது, கூசிப்போய்க் கிழித்தேன்.

முடிவு இரண்டு: ரோச் மன்னிக்கிறார். அவர் செத்துப் பதினோரு வருஷமாகிறது.

நடந்தது இவ்வளவுதான். போன மாதம் ரோச்சின் ஊரான தருவைகுளத்துக்குப் போய் அவர் மனைவி அமலோற்பவத்தம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை.

“எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அவுஹ களவாங்கலன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு ஊரே கோயில் வாசல்ல நிக்கும். அங்கன வந்து சொல்லுங்க.”

நான்கு ஞாயிறு போய்விட்டது. நான் போகாமல் கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதை என்றால் ஊர் நம்பாது, எனக்கும் சொன்னதுபோல் ஆகிவிடும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம், வெட்கமாக இருக்கிறது.

இன்று வெள்ளி. இதை முடித்தால் போகவேண்டியதில்லை என்று தோன்றிவிடும், ஆகவே முடிக்கவில்லை. நான் வந்தேனா என்று தருவைகுளத்தில் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.