மாதா கோயில் மைக்கில் ஓர் அறிவிப்பு

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் கட்டி முடியும் நிலையில் இருந்த எரிவாயு மின்நிலையத்தின் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தார் சாமிக்கண்ணு.

"எல்லாத் தெருவுலயும் சொல்லியாச்சா அண்ணே?" என்று கேட்டாள் சந்திரலேகா.

"ஆச்சும்மா. அக்கரை மாதா கோயில் தெரு ஒண்ணுதான் போவல. நடைபாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னு சொல்லலாம்னு போனேன், சவரியம்மா டீச்சர் குறுக்க வந்து நின்னுட்டாங்க. 'ஒங்க கம்பெனி புளுகு எங்க தெருவுக்கு வாணாம், வண்டியத் திருப்புடா'ன்னாங்க. நான் அவுங்க பால்வாடியில படிச்சவன். திருப்பிட்டேன்."

சந்திரலேகா அக்கரைப் பக்கம் பார்த்தாள். மின்நிலையத்தின் சார்பில் ஊர்மக்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு அவளுடையது. இன்னும் சற்று நேரத்தில் ஸ்டீம் ப்ளோ. புதிதாகப் பற்றவைத்த குழாய்களுக்குள் தங்கிய துருவையும் துணுக்கையும் வெளியேற்ற, நீராவியை முழு வேகத்தில் திறந்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. தூரத்தில் இருப்பவனுக்கு அது கடல் எழுந்து வரும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

மாதா கோயில் தெரு சுனாமியில் பாதியாகிப் போன தெரு. அதற்கு வெளியே போக ஒரே வழி, இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத நடைபாலம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதில் ஏறினால் மிதிபட்டே சாவார்கள்.

தலைமைப் பொறியாளர் ஞானசேகரனைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"சார், ஒரு தெருவுக்குத் தகவல் போகல. நிறுத்திடுங்க சார்."

"பிரஷர் ஏறிடுச்சும்மா. இப்ப சட்டுனு நிறுத்தினா சேப்டி வால்வு தானாத் திறந்து ஆவியக் கக்கும். அதுவும் இதே சத்தம்தான், எப்பன்னு வேற தெரியாது. கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கிறேன். ஓடு."

ஸ்கூட்டரை நடைபாலத்தின் இந்தப் பக்கம் போட்டுவிட்டு ஓடினாள். ஓடும்போதே செம்பியனை அழைத்தாள். அவன் சிதம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். வகுப்பில் இருந்திருப்பான், எடுக்கவில்லை. அவன் எடுத்திருந்தாலும் என்ன? அம்மாவிடம் பேசித் தோற்றவன்தானே அவன். சவரியம்மாள் அவனைப் பெற்றவள். மகன் காதலிக்கும் சிதம்பரத்துப் பெண் இந்த மின்நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

சவரியம்மாள் கோயில் வாசலில் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அத்தை..."

"யாரு அத்த? சிதம்பரத்துல எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்ல."

"சரி, டீச்சர். இன்னும் கொஞ்ச நேரத்துல ப்ளாண்ட்டுல பெரிய சத்தம் வரும். கடல் மாதிரியே கேக்கும். ஜனங்க ஓடிடுவாங்க. மாதா கோயில் மைக்குல சொல்லணும்."

"ஒங்க கம்பெனிக்கு நான் கூவணுமா? நிறுத்தச் சொல்லு போ."

"நிறுத்த முடியாது டீச்சர். கேட்டுட்டுத்தான் வந்தேன்."

சவரியம்மாள் குவளையைக் கீழே வைத்தாள். அவள் கண் ஒருமுறை நடைபாலத்தின் பக்கம் போய் வந்தது.

"நீயே சொல்லு. ஒன் வாயால சொல்லு" என்று மைக் அறையைத் திறந்துவிட்டாள்.

சந்திரலேகா மைக்கைப் பிடித்தாள். ஆட்டோவில் சொல்ல எழுதிக்கொடுத்த வாசகம்தான் வாயில் வந்தது. "பொதுமக்களின் கவனத்திற்கு. இன்னும் சிறிது நேரத்தில் பலத்த சத்தம் கேட்கும். யாரும் பயப்பட வேண்டாம்."

சன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். கதவுகள் படபடவென்று திறந்தன. ஒருத்தி குழந்தையை வாரி இடுப்பில் வைத்தாள். ஒருவர் கட்டிலில் கிடந்த கிழவரைத் தோளில் தூக்கினார். சிலர் ஏற்கெனவே பாலத்தை நோக்கி நடையை எட்டிப் போட்டார்கள்.

"என்னடி சொன்ன நீ!" சவரியம்மாள் உள்ளே பாய்ந்தாள். "ஒவ்வொரு புயலுக்கும் ஆபீசருங்க ஜீப்புல வந்து பயப்பட வேண்டாம்னுதான் சொல்லுவானுங்க. அதக் கேட்டா ஓடணும்னுதான் நாங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். இந்த மைக்கு வார நாள்ல பேசினா ஒண்ணு சாவு, இல்ல கடலு!"

மைக்கைப் பிடுங்கினாள்.

"ஏய் முத்தம்மா! புள்ளய எறக்கி வுடு. கடலும் இல்ல, கருமாதியும் இல்ல. கொளஞ்சி, ஒங்கப்பன எங்கடா தூக்கிக்கினு போற? கட்டில்ல போடு, அவரு தூங்கட்டும். அந்த ப்ளாண்ட்டுக்காரன் குழாய ஊதப் போறான். எமன் மாதிரி கத்தும். ஆட்டோ வந்தப்ப நான்தான் தொரத்திட்டேன், எம்மேலயும் தப்பு. நான் இங்கதான் இருக்கேன், ஓடல. நான் ஓடினா நீங்களும் ஓடுங்க."

தெருவில் யாரோ சிரித்தார்கள். பாலத்தருகே போனவர்கள் திரும்பிப் பார்த்து நின்றார்கள்.

அப்போது அது வந்தது.

முதலில் தரை அதிர்ந்தது. பிறகு ஆற்றுக்கு அப்பாலிருந்து ஓர் ஓலம் எழுந்து, வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சந்திரலேகாவுக்கே தெரிந்த சத்தம்தான். இருந்தும் கண்கள் தாமாகக் கடல் பக்கம் போயின. சவரியம்மாளின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவள் ஒரு காலை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டாள். தெரு முழுவதும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சந்திரலேகா அவள் இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்தாள். மைக்கை அவள் வாயோடு சேர்த்து, காதுக்குள் கத்தினாள். "பேர் கூப்பிடுங்க டீச்சர்! பால்வாடியில கூப்பிடுவீங்கல்ல, அப்படிக் கூப்பிடுங்க!"

சவரியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரைச்சலுக்கு நடுவே, தெருவுக்குள்ளேயே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளில் அவள் குரல் கிறீச்சிட்டது.

"இளமதி... உக்காரு. அன்பரசு... உக்காருடா. முத்தம்மா..."

கூப்பிடக் கூப்பிட, நின்றவர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். நரைத்த தலைக்காரர்கள்கூட மண்ணில் சம்மணமிட்டார்கள்.

"கொளஞ்சி... இசைவாணி..."

சவரியம்மாளின் குரல் நின்றது. தெருவில் ஒருவரும் அசையவில்லை. இசைவாணி செம்பியனின் தங்கை. சுனாமியில் அம்மாவின் கையிலிருந்து நழுவிப் போனவள்.

"இசைவாணி" என்றாள் மறுபடி, மெதுவாக.

இரைச்சல் அடங்கியது. காதுக்குள் மட்டும் ஏதோ ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பாலம் காலியாகக் கிடந்தது.

சவரியம்மாள் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்திரலேகா அருகில் போய் நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"இல்ல டீச்சர். சாயங்காலம் வரைக்கும் விட்டு விட்டு வரும். நாளைக்கும் இருக்கு."

"நாசமாப் போவ." முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "நாளைக்கு மனு குடுக்கக் கலெக்டர் ஆபீஸ் போறேன். ஒன் ப்ளாண்ட்டு இங்க வாணாம். அதுல மாத்தம் இல்ல."

"சரி டீச்சர்."

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி சிதம்பரம் வரேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு. பேசத்தான் வரேன். சரின்னு சொல்றதுக்கு இல்ல."

சந்திரலேகா தலையை ஆட்டினாள். கைப்பேசியில் செம்பியனின் பெயர் ஒளிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

"அடுத்தது எப்ப?" என்றாள் சவரியம்மாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல."

சவரியம்மாள் படியில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"அப்ப எங்க போற? உக்காரு. தனியா கேக்க என்னால முடியாது."