பொன் அரிக்க ஒரு தட்டு

தடாலென்று ஒரு சத்தம். அடுக்கி வைத்திருந்த தட்டுகள் எல்லாம் கடைத் தரையில் உருண்டு ஓடின. அடுக்கின் அடியிலிருந்து உருவிய இரும்புத் தட்டோடு நடுவில் நின்றார் மாஸ்டர்.

“மேல இருக்கறதை எடுத்தா ஆகாதா?” என்றாள் மனைவி.

“அடியில இருக்கறதுதான் கைபடாத சரக்கு.”

இருபத்திரண்டு வருடம் ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரங்களோடு மல்லுக்கட்டியவர். ஆற்று மணலில் பொன் அரிக்கலாம் என்று பத்திரிகையில் படித்த நாள் முதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். பொன் அரிக்கும் தட்டு விற்கும் இந்தக் கடையில், வாங்குமுன் அரித்துப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் பொன் எடுத்துக் காட்டினால் நான்கு நாள் லீவுக்கு ஆற்றங்கரை. இல்லாவிட்டால் அவளுடைய அண்ணன் வீடு. அங்கே போனால் காலையில் ஆரம்பிக்கும் மச்சானின் வீட்டுமனைப் புராணம், படுக்கப் போகும்வரை ஓயாது.

கடைக்காரம்மா பச்சை பிளாஸ்டிக் தட்டு ஒன்றை நீட்டினார். உட்சுவரின் ஒரு பக்கம் வரி வரியாக இருந்தது.

“இது என்னம்மா, படிக்கட்டு?”

“மணல் ஏறி வெளிய போயிடும். தங்கம் கனமில்லையா, வரியில மாட்டிக்கும். பச்சையில மஞ்சள் நல்லாவும் தெரியும்.”

“பிளாஸ்டிக்ல நான் சமைச்சதே இல்ல.” மாஸ்டர் தன் வழவழப்பான இரும்புத் தட்டை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

“சமைக்கவா வாங்கறீங்க?” என்றாள் மனைவி.

கடைக்காரம்மா கொஞ்சம் மணலில் பத்துப் பொன் துகள்களைக் கலந்து கொடுத்தார். மாஸ்டர் தன் இரும்புத் தட்டைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துச் சுழற்றினார். மூட்டை மூட்டையாக அரிசி அரித்த மணிக்கட்டு அது. மணல் அலை அலையாக விளிம்பைத் தாண்டி, பக்கத்து வாளியில் இறங்கியது. அடியில் ஒரு கரண்டி கறுப்பு வண்டல். அதன் ஓரத்தில் மஞ்சள் கீற்று.

கை நிற்கவில்லை. அரிசியைத் தள்ளிவிட்டு, அடியில் தங்கும் கல்லை எறிந்தே பழகிய கை. வண்டலைச் சடக்கென்று சாக்கடைக் குழியில் கவிழ்த்த மாஸ்டர், மணல் வாளியைப் பெருமையோடு தூக்கி நீட்டினார்.

“இந்தாங்க. பொடிக் கல்லுகூட இருக்காது.”

கடைக்காரம்மா குழியை எட்டிப் பார்த்தார். “அண்ணே, நமக்கு வேண்டியதே அந்தக் கல்லுதான்.”

மாஸ்டரின் முகம் தொங்கிப் போயிற்று. “பழக்கதோஷம். சரி, உன் அண்ணன் வீட்டுக்கே பெட்டியைக் கட்டு,” என்றார் மனைவியிடம்.

மனைவி இரும்புத் தட்டை அவர் கையிலிருந்து வாங்கி அடுக்கில் வைத்தாள்.

“அந்த வரி போட்டதுல ரெண்டு குடுங்கம்மா. நாங்க வரலைன்னு அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்.”