வால்வுச் சட்டை

சூடான தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் வெப்பக் காப்பு கட்டுவதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பிழைப்பு. அண்ணன் மேஸ்திரி. அவனுக்குக் கீழே இருபது பேர். தங்கையின் கணவன் தகரக்காரன். மற்றவர்கள் தொட்டியைச் சுற்றி, பாறையை உருக்கி இழையாக்கிய பாறைக் கம்பளியைக் கட்டி முடித்ததும், அதற்கு மேல் அலுமினியத் தகடு வளைத்து மூடுகிறவன். அவன் போட்ட மடிப்பில் ஒரு சொட்டு மழைகூட இறங்காது என்று அவனைப் பிடிக்காதவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

தங்கை கொட்டகையில் தையல் மெஷினில் உட்கார்ந்து வால்வுகளுக்குச் சட்டை தைத்தாள். வால்வை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருப்பதால் அதற்குத் தகரம் சரிப்படாது. கண்ணாடி நூல் துணியில் பை போலத் தைத்து, உள்ளே கம்பளி திணித்து, கொக்கி வைத்துக் கொடுத்தால் வேண்டும்போது கழற்றி மாட்டலாம். வேலைக்காரர்கள் அதைச் சட்டை என்றுதான் சொல்வார்கள். நாள் முழுக்கத் தைத்தால் கையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத முட்களாக அரிக்கும். சாயங்காலம் கணவன் அவள் கையில் ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்து அந்தத் தூளை எடுப்பான். "கம்பளிப் பூச்சியக் கட்டிக்கிட்டேன், அனுபவிக்கிறேன்" என்பான். அவள் சிரிப்பாள்.

புதிய தொழிற்சாலை ஒன்றில் வேலை வந்தது. பெரிய கலத்தில் எண்ணெயைக் காய்ச்சி, குழாய்கள் வழியாக எல்லா இயந்திரங்களுக்கும் ஓட்டும் இடம். எண்ணெயின் சூடு இருநூற்றெண்பது டிகிரி. கலத்தின் அடியில் பதினொரு வால்வுகள். தகரக்காரன் குனிந்து, ஆறிக் கிடந்த ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தான். சோதனை ஓட்டத்திலேயே மூன்றில் எண்ணெய் கசிந்திருந்தது. எழுந்து வந்து, எஞ்சினியர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மேஸ்திரியிடம் சொன்னான்.

"மச்சான், கலத்தோட உடம்புக்குக் கம்பளி போடுங்க, தப்பில்ல. கீழ வால்வுக்கு வேணாம். கசியுற எண்ணெய எல்லாம் கம்பளி குடிச்சிடும். குடிச்சது உள்ளுக்குள்ளயே வெந்து ஒரு நாள் தீப்பிடிக்கும். அங்க நுரைக்கண்ணாடிக் கட்டி போடலாம், அது எண்ணெயக் குடிக்காது. இல்லன்னா வால்வ சும்மா விட்டுடலாம்."

"கட்டி வர எத்தனை நாள் ஆகும்?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"மூணு வாரம் சார்."

"திங்கக்கிழமை உற்பத்தி ஆரம்பிக்கணும். வால்வ சும்மா விட்டா யாரோட கையாவது பட்டு வெந்துடும், சூடும் வீணாப் போகும்."

மேஸ்திரிக்கு அது போதும். கொட்டகையில் முந்தைய வேலையில் மிஞ்சிய கம்பளி மலை போலக் கிடந்தது. "மாப்பிள்ளைக்குத் தகரம் வளைக்கத்தான் சார் தெரியும். கம்பளி எண்ணெயக் குடிக்குமாம், போதை ஏறிப் பத்திக்குமாம். விட்டா ஊறுகாயும் கேக்கும்னு சொல்வாரு."

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று முதல் தகரக்காரனுக்குப் 'புரொபசர்' என்று பெயர். அவன் சாப்பிட உட்கார்ந்தால், "புரொபசர் வந்துட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்கடா" என்பான் மேஸ்திரி. நிஜமாகவே எழுந்து நிற்பார்கள். அவன் தலை குனிந்தபடியே சாப்பிட்டு முடிப்பான்.

வீட்டில் அவளிடம் கெஞ்சினான். "நீ தைக்காத. நீ தைக்கலன்னா சட்டை இல்ல. சட்டை இல்லன்னா ஒண்ணும் ஆகாது. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"அண்ணன் இருபது வருஷமா இந்த வேலைதான் பண்றாரு. அவருக்குத் தெரியாதா? உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகலன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

அவள் தைத்தாள். நான்கு நாளில் பதினொரு சட்டை. அவள் கையால் அவ்வளவு கச்சிதமாக அதற்கு முன் வந்ததில்லை. மாட்டிப் பார்த்த எஞ்சினியர் பாராட்டினார் என்று அண்ணன் வந்து சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. ஏழாவது வால்வின் சட்டையிலிருந்து புகை. மேஸ்திரி தகரக்காரனையும் கூட்டிக்கொண்டு போனான். தையல் ஓட்டைகள் வழியே நூல் நூலாகப் புகை வந்துகொண்டிருந்தது. கருகிய எண்ணெய் நாற்றம்.

"பம்பை நிறுத்தச் சொல்லுங்க மச்சான். அது தானா ஆறட்டும். இப்போ கழட்டினா காத்து உள்ள போய் குபீர்னு பத்திக்கும்."

எஞ்சினியர் மணி பார்த்தார். நிறுத்தினால் திரும்பச் சூடேற்ற ஒரு நாள் ஆகும் என்றார். அந்தச் சட்டையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார்.

மேஸ்திரி மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினான். ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "புரொபசருக்குப் பயமா இருந்தா வேணாம். என் தங்கச்சிய வரச் சொல்றேன். அவ தச்சதுதானே, அவளே வந்து கழட்டட்டும்."

தகரக்காரன் கையுறையை மாட்டிக்கொண்டு கலத்துக்கு அடியில் நுழைந்தான். மூன்று கொக்கி கழன்றது. நான்காவதைக் கழற்றியதும் சட்டை வாயைப் பிளந்தது. அவன் சொன்னபடியேதான் நடந்தது. இரண்டு கைகளும், கழுத்தும், தாடையும் வெந்தன. இழுத்து வெளியே போட்டவர்களில் மேஸ்திரி இல்லை. அவன் வாசல் வரை ஓடிப்போயிருந்தான்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள், தீக்காய வார்டுக்கு வெளியே அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தான். கண் சிவந்திருந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறை அதிகாரி விசாரணைக்கு வந்திருக்கிறார் என்றான். வால்வுச் சட்டைக்குள் எதைப் போடுவது என்று முடிவு செய்தது தன் கணவர்தான் என்று அவள் எழுதித் தர வேண்டும்.

"பாப்பா, நான் உள்ள போனா இருபது குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். மாப்பிள்ளைய யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, அடிபட்டவராச்சே. குணமாகி வந்ததும் ஸ்டோர்ல உக்கார வச்சே பாத்துக்கறேன். அம்மா மேல சத்தியம்."

"அவர்தான் வேணாம்னு சொன்னாருண்ணா."

"எனக்குத் தெரியாதா? நீயும் நானும் தப்பிக்கணும் பாப்பா. தச்சது யாருன்னு அடுத்துக் கேப்பாங்கல்ல?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கையெழுத்துப் போட வைத்தது. காகிதத்தில் அவள் தைத்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவள் அதைச் சுவரில் வைத்து எழுதினாள். எழுதி முடித்ததும் மூச்சு கொஞ்சம் லேசானது போலிருந்தது. லேசானதை நினைத்துப் பிறகு பல நாள் அவளால் சாப்பிட முடியவில்லை.

அதிகாரி அந்தக் காகிதத்தைத் தகரக்காரனின் கட்டிலருகே நின்று சத்தமாக வாசித்தார். கட்டுப் போட்ட தாடையோடு அவனால் பேச முடியவில்லை. கண்ணைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். அவள் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிவிட்டன. அவள் ஸ்டோர் வேலையைப் பற்றி அண்ணனிடம் கேட்கப் போனாள். "தப்பான சாமானத் தேர்ந்தெடுத்தவன ஸ்டோர்ல வைப்பாங்களா? நீயே எழுதிக் குடுத்திருக்கியே" என்றான் அவன். அண்ணி அவளுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

தகரக்காரன் வீட்டில் திட்டவில்லை, அடிக்கவில்லை. முதல் நாள், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான். வாய் தவறிவிட்டது என்று நினைத்தாள். மறுநாள் சோறு ஊட்டியபோது, "போதும்ங்க" என்றான். பிறகுதான் புரிந்தது. ஒன்பது வருஷம் நீ, வா, போ என்று கூப்பிட்டவன் அவளை வீட்டுக்கு வந்த யாரோ ஒரு நர்ஸைப் போல மரியாதையாக நடத்த ஆரம்பித்துவிட்டான். அவள் ஒரு நாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எழுந்திருங்க. யாராவது பார்த்தா தப்பா நினைப்பாங்க" என்றான்.

அவள் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். எழுதியது பொய் என்றாள்.

"அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்கு எழுதினதுதான் சார்."

"ஃபைல மூடியாச்சும்மா. பொய் எழுதிக் குடுத்ததுக்கு உங்க மேலதான் வழக்கு வரும்."

"போடுங்க சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வழக்குப் போடும் அளவுக்குக்கூட அவள் அவருக்கு முக்கியமில்லை.

அந்த வருஷக் கடைசியில் மேஸ்திரிக்கு இன்னொரு இடத்தில் அதே மாதிரி எண்ணெய்க் கலம் கிடைத்தது. மிச்சக் கம்பளியை அங்கே ஏற்றினான். சட்டைக்கு வேறு இரண்டு பெண்களைப் பிடித்துவிட்டான். அவள் பஸ் ஏறி அந்தத் தொழிற்சாலை வாசலில் காத்திருந்து, அங்கே பொறுப்பிலிருந்த பெண் எஞ்சினியரைப் பார்த்தாள். தைத்ததையும், கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். மறுநாளே கம்பளி வண்டி திரும்பியது, அதோடு மேஸ்திரியும்.

அன்று மாலை அண்ணன் வீட்டு வாசலில் வந்து கத்தினான். "கூடப் பொறந்தவளா நீ? அண்ணன் வயித்துல அடிக்க எங்கடி கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

அவன் கையை ஓங்கினான். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கவே இறக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவன் எல்லாம் கேட்டிருந்தான். ஏதாவது சொல்வான் என்று சுவரோரம் நின்றாள். அவன் சொன்னான்.

"அங்க வேலை பார்க்கிறவங்க யாருன்னுகூட உங்களுக்குத் தெரியாது. இருந்தும் அவங்களுக்காக அவ்வளவு தூரம் போய்ப் பேசிட்டு வந்திருக்கீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு."



அடுத்த வாரம் அவனுடைய அக்கா ஊரிலிருந்து வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் துணிகளை மடித்து வைத்தவள் மனைவிதான். பையை நாத்தனாரிடம் நீட்டினாள். அவள் அதைத் தரையில் வைக்கச் சொல்லி, பிறகு எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் எஞ்சினியர் அவளுக்கு வேலை கொடுத்தாள். இப்போது அவள் நுரைக்கண்ணாடிக் கட்டிகளை வால்வுக்கு ஏற்ற வடிவத்தில் ரம்பத்தால் அறுக்கிறாள். அறுக்கும்போது கட்டிக்குள் அடைபட்டிருந்த வாயு வெளியேறி அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். எவ்வளவு குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறாள். "தம்பி தூங்குது" என்று உள்ளேயிருந்து பதில் வரும். திறந்த ஜன்னல் வழியே கட்டிலில் அவன் கால் ஆடிக்கொண்டிருப்பது தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பி நடப்பாள்.