எந்தப் பாட்டிலில் சர்க்கரை

"அதைக் கொட்டிடாதீங்க மாமா," என்று அவள் கூடத்திலிருந்து ஓடிவந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் போட சமையல் மேடையில் இடம் பண்ணிக்கொண்டிருந்தார் அவள் கணவனின் சித்தப்பா. கையில் இரண்டு பாட்டில்கள், ஒவ்வொரு பாட்டிலின் வாயிலும் ஒரு பலூன். உள்ளே தண்ணீரும், சர்க்கரை கிடைத்தால் பொங்கி வாயு விடும் ஈஸ்டும். நேற்று மாலை நாத்தனார் வைத்தது. "ஒண்ணுலதான் சர்க்கரை. எதுலன்னு சொல்லமாட்டேன். காலையில பலூனே எழுந்து நின்னு சொல்லும்," என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை.

இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில்தான் படிப்பு. கணக்கும் மொழியும் அம்மாவான அவள், அறிவியல் அந்த அத்தை. அறிவியல் என்றாலே அம்மா புத்தகத்தை அத்தை பக்கம் தள்ளிவிடுவாள். அத்தைக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் அவள் செய்துகாட்டுவதில் பாதிக்குமேல் ஊற்றிக்கொள்ளும். அதனால் அவள் 'புஸ் அத்தை'. அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பியே பார்ப்பாள்.

"அவளே போயிட்டா. திங்கக்கிழமை ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துல சேத்துடும்மா. அறிவியல் உனக்கு வராதுன்னு நீயே சொல்லுவியே," என்றார் சித்தப்பா, பரிவாகத்தான்.

காலையிலிருந்து அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். பாட்டில்களை அவர் கையிலிருந்து வாங்கி மேடையில் வைத்தாள்.

அழுது வீங்கிய முகத்தோடு மகளும் சின்னவனும் வந்து நின்றார்கள். இரண்டு பலூன்களும் துவண்டு தொங்கின.

"ரெண்டுமே எழலையே. ஏம்மா?"

தெரியாது என்று வாய்வரை வந்தது. "எப்படிக் கண்டுபிடிக்கலாம், நீயே சொல்லு," என்றாள். அண்ணி என்று அவள் கூப்பிடும் நாத்தனார் எப்போதும் கேட்கும் கேள்வி.

மகள் யோசித்தாள். "ருசி பாக்கலாம்."

அம்மாவே பலூன்களைக் கழற்றி, விரலில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள். முதல் பாட்டில் சப்பென்று இருந்தது. இரண்டாவதில் முகம் கோணியது.

"உப்பு."

"அத்தை மறுபடியும் கண்ணாடி போடல," என்றான் சின்னவன்.

அவ்வளவுதான். மூவரும் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "விடுங்க, அழுது தீத்துடட்டும்," என்று கூடத்தில் யாரோ சொன்னார்கள். அழுகையும் அதில் இருக்கத்தான் செய்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தாள். இனித்தது. பாட்டிலைக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஈஸ்டையும் சர்க்கரையையும் பிள்ளைகளையே கலந்து பலூனை மாட்டச் சொன்னாள்.

"அப்ப திங்கக்கிழமை?" என்றார் சித்தப்பா.

"காந்தம்தான் பாடம், மாமா. அண்ணி எல்லாம் எடுத்து வச்சிருக்காங்க."

அடக்கம் முடிந்து மாலையில் திரும்பியதும் பிள்ளைகள் நேரே சமையலறைக்கு ஓடினார்கள். பலூன் நிமிர்ந்து நின்றது. சின்னவன் உள்ளே போய் அத்தையின் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவந்தான். சட்டையில் துடைத்து, பாட்டிலுக்கு எதிரே விரித்து வைத்தான்.